டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இல்லாத மகள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனோடு படையில் இருந்தவர்களுக்கும், திண்டிவனத்தில் அவர் தெருவில் குடியிருப்பவர்களுக்கும் என் வணக்கம். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கூட்டேரிப்பட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கம் கிடையாது. அண்ணனுக்கு முதல் வருஷத் திதி வருகிறது, மலரில் நீங்கள்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அதனால் முத்துவுக்கும் குமரனுக்கும் சொல்வது போலவே இதை எழுதுகிறேன். மற்றவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அவர் அண்ணன். குமரா, உனக்குப் பெரியப்பா. முத்து, உனக்கு அப்பா. உன் விஷயத்தில் மட்டும் அந்த முறையைச் சர்க்கார் ஒத்துக்கொள்ளவில்லை. அதை ஒத்துக்கொள்ள வைக்கத்தான் அண்ணன் தன் கடைசி வருஷங்களில் அலைந்தார். அந்த அலைச்சலைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது திருவாமாத்தூருக்குப் பக்கத்தில், பம்பை ஆற்றோரத்துக் கிராமம். எங்களுக்கு நிலம் கொஞ்சம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போவார், கரும்பு வெட்டப் போவார். விழுப்புரத்தில் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, செருப்பில்லாத காலோடு போய் ஓடினார். முன்னால் ஓடியவன் விழுந்தானாம். அவனைத் தூக்கிவிட்டு ஓடியும் தேறிவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அதைப் பற்றிக் கேட்டால், "தூக்கல்லாம் இல்லடா, தாண்டித்தான் ஓடுனேன், அவன் இன்னும் என்னைத் திட்டிக்கினு கீறான்" என்று சிரிப்பார்.

படையில் பனியிலும் மணலிலும் இருந்தார். எனக்குக் காற்றடிக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்துக் கடை வைத்துக் கொடுத்தவர் அவர்தான். லீவில் வந்தால் வீடே மாறிவிடும். செருப்புகள் வரிசையில் நிற்க வேண்டும். குளிக்கிறவனை வாசலில் நின்று "ஜல்தி, ஜல்தி" என்பார். தன் சட்டைக்குத் தானேதான் இஸ்திரிப் பெட்டி போடுவார், அண்ணியிடம்கூடக் கொடுக்க மாட்டார். அண்ணிக்கும் அவருக்கும் குழந்தை இல்லை. அது பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கும் என் மனைவிக்கும் பிறந்த முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாகத்தான், முத்து, நீ பிறந்தாய். ஊரில் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: இந்தக் குழந்தையை யாருக்காவது தவிட்டுக்கு விற்றுவிடு, அப்போதுதான் தங்கும். இந்த வழக்கம் தெரியாத இளம்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். குழந்தை சாகாமல் இருக்க, பெற்றவள் அதைத் தவிடு வாங்கிக்கொண்டு வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவாள். எமன் வந்து தேடினால், இது இந்த வீட்டுக் குழந்தை இல்லை என்று ஏமாந்து திரும்பிப் போவானாம். அதன் பிறகு பெற்றவள் அதை வளர்க்கலாம், ஆனால் என் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. குழந்தையும் அவளை அம்மா என்று கூப்பிடக்கூடாது.

திருவாமாத்தூர் கோயிலில் செய்தோம். அண்ணன் அப்போது லீவில் வந்திருந்தார். அண்ணி ஒரு முறம் தவிட்டை என் மனைவியின் முந்தானையில் கொட்டினார். என் மனைவி குழந்தையை அண்ணியின் மடியில் வைத்தாள். கோயில் அம்மன் பேரையே, முத்தாம்பிகை என்று வைத்தோம். நாங்களெல்லாம் சடங்கு முடிந்தது என்று பிரசாதம் வாங்கப் போய்விட்டோம். அண்ணன் மட்டும் அணிவகுப்பில் நிற்பது போல விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். "இன்னாண்ணா, வா" என்று கூப்பிட்டேன். "இருடா. பொண்ணு பொறந்துகீது" என்றார்.

முத்து பால் குடி மறக்கும் வரை எங்களோடுதான் இருந்தாள். அப்புறம் அண்ணனுக்குக் குடும்பத்தோடு தங்க வீடு கிடைத்தது. அண்ணி வந்து கேட்டார். என் மனைவி குழந்தைக்குத் தலைவாரி, துணிமணி மடித்துப் பையில் வைத்து அனுப்பினாள். லீவுக்கு அனுப்புகிறாளா, ஒரேயடியாக அனுப்புகிறாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அப்புறம் குமரன் பிறந்தான். முத்து எங்களைச் சித்தப்பா, சித்தி என்றே கூப்பிட்டு வளர்ந்தாள்.

அந்தக் காலத்திலேயே அண்ணன் தன் யூனிட் ஆபீசில் மகள் பேரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். தத்து எடுத்ததற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். இவர் அடுத்த லீவு முடிந்து போகும்போது கோயில் அர்ச்சனைச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். சடங்கு நடந்த அன்று வாங்கிய சீட்டு. எழுத்தர் வடக்கத்திக்காரர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன சினிமா டிக்கெட்டா என்று கேட்டாராம். இதை அண்ணன் ஒவ்வொரு லீவிலும் நடித்துக் காட்டுவார், நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். குடும்பத்துக்குள் கொடுத்து வாங்கியதற்குப் பத்திரம் எதற்கு என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பிறப்புச் சான்றில் என் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்திலும் அதையே பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

ஹவில்தாராக ஓய்வு பெற்று அண்ணன் திண்டிவனத்தில் வீடு கட்டினார். முத்து ப்ளஸ் டூ முடித்தாள். நர்சிங் பட்டப்படிப்புதான் படிப்பேன் என்றாள். அண்ணனுக்குக் கவலையே இல்லை. படையில் இருந்தவர் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் தனி ஒதுக்கீடு உண்டு, படிப்பு முடியும் வரை வருஷா வருஷம் உதவித்தொகையும் உண்டு. அவரோடு இருந்த ஒருவரின் மகன் அப்படித்தான் இன்ஜினியர் ஆனான். "நம்ம பொண்ணைச் சர்க்காரு படிக்க வைக்கும்டா. அத்தினி வருஷம் பனியில நின்னது இன்னாத்துக்கு?" என்று கடைக்கு வந்து, பஞ்சர் ஒட்ட வந்த ஆளிடமெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்.

விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்கு அண்ணன் முத்துவை அழைத்துக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். பெட்டி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ, பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள். அங்கே இருந்தவரும் படையிலிருந்து வந்தவர்தான், மரியாதையாகப் பேசினார். படையிலிருந்து விடுவித்தபோது அண்ணனுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஹவில்தார் சார், இதுல உங்க வீட்டம்மா பேரு மட்டும்தான் இருக்குது. பிள்ளைங்கன்னு யாரையும் காட்டலியே."

"இவ என் பொண்ணு சார்."

"டி.சி.யில அப்பா பேரு வேறயா இருக்குதே."

அண்ணன் என்னைக் காட்டினார். "இவன்தான். என் தம்பி. தவிட்டுக்கு வாங்கினோம் சார். கோயில்ல வச்சி."

அவர் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தது எனக்குத் தெரிந்தது. "சார், எங்க ஊட்டுலயும் என் மாமனைத் தவிட்டுக்குக் குடுத்தவங்கதான். தெரியும். ஆனா தவிடு ரெக்கார்டுல ஏறாது சார். கோர்ட்டுல போயி, இது தத்துதான்னு ஒரு தீர்ப்பு வாங்கிக்கினு வாங்க. மேல எழுதிப் பேரைச் சேர்க்கப் பார்க்கறேன். அது இல்லாம நான் கையெழுத்துப் போட்டா எனக்கும் வேலை போயிரும், உங்களுக்கும் பேஜாரு."

வெளியே வந்து டீ குடித்தோம். முத்து டீயைத் தொடவே இல்லை. அங்கே நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள் கிட்டே வந்தான். பிறப்புச் சான்றையே அண்ணன் பேரில் மாற்றி வாங்கித் தர ஆள் இருக்கிறது என்றான். எனக்கு உடனே மனசு அங்கே போய்விட்டது. "செஞ்சிடலாம்ணா. யாருக்கு நஷ்டம்?" என்றேன்.

அண்ணன் அவனிடம், "எங்க ஊரு திருவாமாத்தூரு. வட்டப்பாறை தெரியுமா?" என்று கேட்டார். எங்கள் கோயிலில் சத்தியம் செய்யும் கல் அது. அதன் முன்னால் பொய் சொல்ல எங்கள் பக்கத்தில் யாரும் துணிய மாட்டார்கள். அந்த ஆள் தெரியும் என்றான்.

"தெரிஞ்சா போய்க்கினே இரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "அவ என் பொண்ணுன்றது நெசம்டா. நெசத்துக்கு எதுக்குப் பொய் சர்ட்டிபிகேட்டு?"

திண்டிவனத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். நல்லவர். கோயிலில் கொடுத்து வாங்கியது சட்டப்படியும் செல்லும் என்று அவர் சொன்னதும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பெற்றவர்கள் இரண்டு பேரும் கோர்ட்டில் வந்து, மனசாரத்தான் கொடுத்தோம், அதற்குப் பிறகு இது எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்ல வேண்டும். வெறும் ஒப்புக்குச் செய்த சடங்கு என்று கோர்ட்டு நினைத்துவிட்டால் எல்லாம் போயிற்று. வழக்கைப் போட்டுவிட்டு, சாட்சிக்கு முன்னால் ஒரு நாள் எல்லாரையும் தன் அறைக்கு வரும்படி சொன்னார்.

அந்த நாளைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் இந்தக் கட்டுரையைத் தள்ளிப்போட்டேன்.

வக்கீலம்மா முதலில் என்னைக் கேட்டார், மனசாரத்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். ஆண்பிள்ளைக்கு அது சுலபமாகத்தான் இருந்தது. பிறகு என் மனைவியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா. மனசாரக் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

அவள் திரும்பி முத்துவைப் பார்த்தபடி நின்றாள்.

"கோர்ட்டுல இப்படி நின்னீங்கன்னா கேஸ் நிக்காதும்மா. சும்மா, 'குடுத்துட்டேன், அவ என் பொண்ணு இல்ல'ன்னு சொன்னா போதும்."

"செத்துடக் கூடாதுன்னுதான் குடுத்தேன்." என் மனைவி முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குத் தவிடு வாங்கியது போலவே. "எமனை ஏமாத்தறதுக்குக் குடுத்தேன். குடுக்கறதுக்கா பெத்தேன்? அவ சித்தின்னு கூப்பிடும்போதெல்லாம், உசுரோட இருக்குதே அது போதும்னு இருந்தேன். இப்ப அதுவும் இல்லன்னு நானே சொல்லணுமா?"

முத்து கதவருகே நின்றிருந்தாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அண்ணன் என் கையை அழுத்தினார்.

"வக்கீலம்மா, கேஸ் வேணாம். எடுத்துருங்க."

"ஹவில்தார் சார், பொண்ணு படிப்பு..."

"படிப்பா? அதுக்கு அப்பன் இருக்கறான்." அப்புறம் என் மனைவியிடம், "அம்மாடி, எந்திரி. பஸ்ஸுக்கு நேரமாவுது. நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார்.

ஒதுக்கீட்டு இடம் போனது. உதவித்தொகையும் போனது. விழுப்புரம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் முத்துவைச் சேர்த்தார். ஓய்வூதியம் அதற்குப் பற்றாது என்று திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவல் வேலைக்குப் போனார். வண்டி நிறுத்துகிறவர்களுக்குச் சீட்டு கொடுக்கும் வேலையும் அதிலேயே சேர்த்தி. என் கடை வருமானத்திலிருந்து நான் கொடுத்ததை ஒரு தடவை வாங்கினார், அடுத்த தடவை குமரன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். தெருக்காரர் ஒருவர் கடை வாசலில் அவரைப் பார்த்து, "இன்னா ஹவில்தார், துப்பாக்கி புடிச்ச கையில டோக்கன் குடுத்துக்கினு கீறீங்க?" என்று கேட்டாராம்.

"துப்பாக்கி கனம்யா. இது லேசு. உன் வண்டிய ஒழுங்கா நிறுத்து."

நம் உறவிலேயே ஒருவர் கல்யாண வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி, மிலிட்டரிக்காரன் சம்பாத்தியம், பஞ்சர் கடைக்காரன் பேரு, பொண்ணு யாருக்குன்னுதான் தெரியல என்று சொன்னார். அவர் பெயரை நான் எழுதவில்லை. அண்ணன் அன்று இலையில் உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். பக்கத்தில் முத்துவை உட்கார வைத்து, அவளுக்குப் பாயசம் இரண்டாம் தடவை போடச் சொன்னார். என் மனைவி அந்தப் பந்தியில் சாப்பிடவில்லை.

வக்கீலம்மா அறையில் நடந்ததைப் பற்றி அதன் பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை. ஆனால் என் மனைவி திண்டிவனத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். முத்து லீவில் யார் வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் விடுதியிலேயே இருந்த நாட்களும் உண்டு. அதை எண்ணினால் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

நாளெல்லாம் நின்றதால் கால் வீங்குகிறது என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் நம்பினோம். ஒரு லீவில் முத்து வந்தவள், கீழே உட்கார்ந்து அவர் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் அப்படியே நின்றது. "அப்பா, இது நின்னதால வந்தது இல்ல, கிட்னி" என்றாள். அவள் கற்ற படிப்பு முதன்முதலில் பயன்பட்டது அவருக்குத்தான்.

படையில் இருந்தவர்களுக்கான மருத்துவ அட்டை இருந்ததால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க முடிந்தது. ரத்தம் சுத்தம் செய்வதற்கு முன் உறவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான் பேனாவைத் தேடுவதற்குள் முத்து வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். "மகள்" என்றாள். சரி என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவுதான். அங்கே யாரும் தீர்ப்பைக் கொண்டு வா என்று கேட்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் மனைவி அவரைப் பார்க்க வந்தாள். வெகு நேரம் கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, நான் கோர்ட்டுல வந்து சொல்றேன். கேஸைத் திரும்பப் போடச் சொல்லுங்க."

"இன்னாத்துக்கும்மா? அவ படிச்சிக்கினுதான இருக்கறா."

"நீங்க வாசல்ல நின்னு படிக்க வச்சிங்க. நான் வாயத் தொறக்கல. தொறந்திருந்தா நின்னிருக்க மாட்டீங்க."

அண்ணன் கையை அசைத்தார். "நீ சொன்னதுல இன்னா தப்பு? நீ நெசத்தைச் சொன்ன. நானும் நெசத்தைத்தான் சொன்னேன். ரெண்டையும் வாங்கிக்க அங்க எடமில்ல, அவ்ளோதான்." பிறகு முத்துவைக் கூப்பிட்டார். "ஏம்மா, உன் சித்தி எத்தினி நேரமா நிக்கறா. நாற்காலி போடு. உனக்குத்தான் ஒண்ணும் ஆவலியே, இன்னும் எந்த எமனுக்குப் பயந்துக்கினு கீற? அம்மான்னு கூப்புடு."

முத்து கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, என் மனைவியின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. முத்து, நீ அதற்காக வருத்தப்படுவாய் என்று எனக்குத் தெரியும். வருத்தப்படாதே. அவள் அந்த நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

சில வாரங்கள் கழித்து, ஒரு மதிய வேளையில், அண்ணன் போய்விட்டார். படையில் அவரோடு இருந்தவர்கள் சீருடைத் தொப்பியோடு வந்து வணக்கம் வைத்தார்கள். கொள்ளி குமரன் வைத்தான். அவர் சட்டையை முத்து பெட்டி போட்டுத்தான் போட்டுவிட்டாள்.

வழக்கை அண்ணி திரும்பப் போட்டிருக்கிறார். திதி முடிந்த பிறகு என் மனைவி சாட்சி சொல்லப் போகிறாள். தீர்ப்பு எப்படி வரும், வந்தாலும் முத்துவின் கடைசி வருஷப் படிப்புக்குள் உதவித்தொகை கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது. அண்ணன் இருக்கும்போது கிடைக்காதது இனி கிடைத்து என்ன என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அவர் பெயரால் ஒரு வருஷமாவது அவள் படிக்கட்டும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. பிள்ளைகளே, உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கோர்ட்டில் என் மனைவி என்ன சொன்னாலும், அன்றைக்கு இரண்டு பேரும் அவளோடு போங்கள். திரும்பி வரும்போது அவளைத் தனியாக விடாதீர்கள்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், காவல் வேலையில் கடைசி மாதங்களில் அவருக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்த கடை முதலாளிக்கும், விழுப்புரம் அலுவலகத்தில் இன்றும் போன் செய்து விசாரிக்கும் அந்தச் சாருக்கும், கட்டணம் கேட்காமல் வழக்கை நடத்தும் வக்கீலம்மாவுக்கும், அண்ணனைத் தூக்கிச் சென்ற தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இந்த மலரை அச்சுக்குக் கொடுக்க நானும் என் மனைவியும் திண்டிவனத்தில் உள்ள அச்சகத்துக்குப் போனோம். பின் அட்டையில் குடும்பத்தார் பெயர்களைப் போட வேண்டும். அச்சகத்துப் பையன் கேட்டுக் கேட்டுக் கணினியில் அடித்தான். மனைவி என்ற இடத்தில் அண்ணியின் பெயர் வந்தது. தம்பி என்று என் பெயர் வந்தது.

"பிள்ளைங்க யாருன்னா இருக்காங்களா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். என் மனைவி முன்னால் வந்து, "முத்தாம்பிகை. மகள்னு போடு" என்றாள்.

அவன் அடித்தான். "உங்க பேருக்கு?"

"அவரோட தம்பி சம்சாரம். அதுக்குக் கீழ..." திரைப் பக்கம் குனிந்து பார்த்தாள். "அதுக்குக் கீழ, முத்தாம்பிகையின் சித்தின்னு போடு."

உறவு முறையெல்லாம் இறந்தவரை வைத்துத்தான் போடுவது வழக்கம் என்று அவன் சொன்னான். எனக்கு அது மட்டும் போடு என்று அவள் சொல்லிவிட்டாள். பின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அப்படியே இருக்கிறது. கூட்டேரிப்பட்டு வரும் வரை பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.